எச்.ஐ.வி. மாத்திரையும் சத்து டப்பாவும்: நான் பட்டது

எச்.ஐ.வி. உள்ளவர்கள் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்வதற்கு ஆள் நிறைய இருக்கிறார்கள். முட்டை சாப்பிடு, கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு என்பார்கள். ஆனால் எங்கள் மாத்திரையோடு சேர்த்து எதைப் போடக் கூடாது, எதற்கு எத்தனை மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதனால் ஏறக்குறைய ஒரு வருடமும், கடனாக வாங்கிய பணமும், நிம்மதியும் போயின. என்னைப் போல ஊருக்குத் தெரியாமல் மாத்திரை போட்டுக்கொண்டு, உடம்பைத் தேற்ற வேண்டும் என்று தவிக்கிற யாருக்காவது இது முன்கூட்டியே தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறேன். என் வீட்டுக்காரர் திருச்செங்கோட்டு போர்வெல் லாரியில் போனவர். வருடத்தில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று வெளியில்தான் இருப்பார். 2021இல் காசநோய் முற்றிய நிலையில் வீட்டுக்கு வந்தார், சில வாரங்களில் போய்விட்டார். அப்போதுதான் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் எனக்கும் பையனுக்கும் ரத்தம் எடுத்தார்கள். பையனுக்கு இல்லை. எனக்கு இருந்தது. அன்றைக்கு என் எடை 39 கிலோ. உள்ளூரில் மருந்து வாங்கினால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்து, பக்கத்து மாவட்டம் ஒன்றில் இருக்கும் கூட்டு மருந்து சிகிச்சை மையத்தில் பதிவு செய்துகொண்டேன். நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறோம். பஸ்ஸில் போய்வரவே ஒரு நாள் கூலி போய்விடும். ஆனாலும் அப்போது எனக்கு அதுதான் பாதுகாப்பாகத் தெரிந்தது.

மருந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருகிறவர்களுக்கு உதவும். நம் நாட்டில் 2004 ஏப்ரலில் அரசு இந்த மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. முன்பெல்லாம் சிடி4 (ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பு சக்தி அணுக்கள்) அளவு குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இறங்கும் வரை காத்திருக்கச் சொல்வார்கள். 2017இலிருந்து தொற்று உறுதியானால் சிடி4 எவ்வளவு இருந்தாலும் மருந்து உண்டு. இப்போது பெரும்பாலானவர்களுக்குக் கொடுப்பது தினம் ஒரே ஒரு மாத்திரை. அதற்குள் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்று மூன்று மருந்துகள் இருக்கின்றன. கடைசிப் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பட்டது முழுக்க அதைச் சுற்றித்தான்.

இரவு ஒன்பது மணி என்று எனக்கு நேரம் குறித்துக் கொடுத்தார்கள். பையன் டியூஷன் முடிந்து வருவதற்குள் போட்டுவிடலாம் என்று நானே கேட்டு வாங்கிய நேரம் அது. ஆறு மாதம் கழித்து வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமியின் அளவு, பார்த்தபோது கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. மையத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் கையைப் பிடித்து வாழ்த்தினார். அந்த அளவிலேயே தொடர்ந்து இருந்தால் உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது என்றும் சொன்னார். வீட்டுக்காரர் போன பிறகு நான் கேட்ட முதல் நல்ல செய்தி அது.

ஆனால் உடம்பு ஏறவில்லை. 39 கிலோ 42 ஆனது, அங்கேயே நின்றுவிட்டது. "ஏங்கண்ணு இப்படி எளச்சுப் போயிட்டே?" என்று தறிப்பட்டறையில் ஆளாளுக்குக் கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள். எனக்கோ ஒவ்வொரு கேள்வியும் நெஞ்சில் இடிக்கும். வீட்டுக்காரர் எப்படி இளைத்து இளைத்துப் போனார் என்று ஊரே பார்த்திருக்கிறது. நானும் இளைத்தால் கணக்குப் போட்டுவிடுவார்களே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. உடல்நலத்துக்காக எடை கூட வேண்டும் என்று கூட நான் அப்போது நினைக்கவில்லை. மறைப்பதற்காகவே சதை வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில்தான் சத்து மாவு டப்பா விற்கும் ஒரு பெண்மணி பழக்கமானார். ஒரு டப்பா இரண்டாயிரத்துக்கு மேல். அதோடு கால்சியம் மாத்திரை ஒரு பாட்டில், இரும்புச் சத்து மாத்திரை ஒரு பாட்டில். எல்லாம் சேர்த்து மாதம் மூவாயிரத்து ஐந்நூறு வரை ஆனது. வாரச் சம்பளத்தில் அது முடியாது, மகளிர் குழுவில் கடன் எடுத்தேன். ராத்திரி வெறும் வயிற்றில் கலக்கிக் குடித்து, மாத்திரைகளையும் அப்போதே போட்டால்தான் உடம்பில் ஒட்டும் என்று அவர் சொன்னார். எனக்கு ஏற்கெனவே ஒன்பது மணி ஒரு நேரம் இருந்ததால் எல்லாமே ஒன்பது மணிக்கு என்று ஆகிவிட்டது. இரும்பு மாத்திரை வயிற்றைப் பிடித்து எரித்தது. மெடிக்கலில் கேட்டேன், வெள்ளையாகக் குழம்பு மாதிரி இருக்கும் அசிடிட்டி மருந்து கொடுத்தார்கள். அதுவும் ராத்திரியில்தான். அதன் பிறகு பத்தரை மணிக்குத்தான் சாப்பாடு. மருந்து வாங்கப் போகும்போது எடை பார்ப்பார்கள், இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா என்று கேட்பார்கள். வேறு என்ன மருந்து, என்ன டானிக் எடுக்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அடுத்த வருடப் பரிசோதனையில் வைரல் லோடு ஆயிரங்களில் வந்தது. அந்த அறையில் எனக்கு நடந்ததை இப்போது எழுதும்போதும் கை நடுங்குகிறது. "மாத்திரையை ஒழுங்காப் போடறதில்லையா?" என்பதுதான் முதல் கேள்வி. போடுகிறேன் என்றேன். மீதி மாத்திரையை எண்ணினார்கள், கணக்கு சரியாக இருந்தது. அப்போதும் நம்பவில்லை. எண்ணிக்கைக்காகத் தூக்கி எறிந்துவிட்டு வருகிறவர்களும் உண்டு என்று எனக்குக் கேட்கும்படியே ஒருவர் சொன்னார். ஒரு வேளை கூடத் தவறவிடாமல் போட்டவளுக்கு அந்தப் பேச்சு எப்படி இருக்கும்? பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஊர் வரும் வரை அழுதேன்.

வைரல் லோடு ஆயிரத்துக்கு மேல் வந்தால் உடனே மருந்தை மாற்றிவிட மாட்டார்கள். தொடர்ந்து கவுன்சிலிங் கொடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் குறையவில்லை என்றால்தான் அடுத்த கட்ட மருந்துக்குப் போவது பற்றிப் பேச்சு. அந்த மூன்று மாதமும் மாதா மாதம் வரச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் கூலி போனது, முதலாளியிடம் ஒவ்வொரு பொய். ராத்திரி தூக்கமில்லை. எனக்கு ஏதாவது ஆனால் பையன் யாரிடம் இருப்பான் என்றே மனம் ஓடும். எனக்கு மட்டும் மருந்து வேலை செய்யவில்லை போல என்று முடிவே செய்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் சத்து ஏற்ற வேண்டும் என்று டப்பா மாவைக் கூடுதலாகவே குடித்தேன்.

காப்பாற்றியது ஓர் அக்கா. அவரும் பல வருடமாக மருந்து எடுக்கிறவர், எச்.ஐ.வி. உள்ளவர்களின் அமைப்பான பாசிட்டிவ் நெட்வொர்க்கில் இருக்கிறவர். மையத்தின் வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அடுத்த தடவை வரும்போது வீட்டுல நீ வாயில போடற டப்பா, பாட்டில் ஒண்ணு விடாம மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டு வந்து டாக்டர் மேஜையில வை கண்ணு" என்றார். அப்படியே செய்தேன். அன்றைக்கு இருந்த டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பி லேபிளைப் படித்தார். எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள் என்று கேட்டார். ஒன்பது மணிக்கு எல்லாம் ஒன்றாக என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். டோலுடெக்ராவிர் குடலில் இருந்து ரத்தத்துக்குள் போக வேண்டும். கால்சியம், இரும்பு, துத்தநாகம், மக்னீசியம், அலுமினியம் இவை அதே நேரத்தில் வயிற்றில் இருந்தால் மருந்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட மருந்து உறிஞ்சப்படாமல் மலத்தோடு வெளியேறிவிடும். வெறும் வயிற்றில் கால்சியம் மாத்திரையோடு போட்டால் ரத்தத்தில் சேரும் மருந்து கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைகிறது, இரும்போடு போட்டால் பாதிக்கு மேல் குறைகிறது. அலுமினியமும் மக்னீசியமும் கலந்த அசிடிட்டி மருந்தோடு போட்டால் நான்கில் மூன்று பங்கு வரை போய்விடுகிறது. நான் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன். டப்பா மாவிலும் இதே தாதுக்கள் கலந்திருந்தன. மாத்திரையைத் தினமும் விழுங்கினேன், மருந்து உள்ளே போகவில்லை.

எனவே டோலுடெக்ராவிர் எடுப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அசிடிட்டிக்கான குழம்பு மருந்து, மென்று தின்னும் மாத்திரை, வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கும் சுக்ரால்ஃபேட் இவற்றை எங்கள் மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கலாம். முதலில் அவற்றை எடுத்துவிட்டால் ஆறு மணி நேரம் பொறுத்துத்தான் எங்கள் மாத்திரை. கால்சியம், இரும்பு மாத்திரைக்கும் இதே இடைவெளி வைக்கலாம். இல்லையென்றால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, சாப்பாட்டோடு அவற்றையும் எங்கள் மாத்திரையையும் சேர்த்தே போடலாம், அப்போது மருந்து குறைவதில்லை. வெறும் வயிற்றில் சேர்த்துப் போடுவதுதான் ஆபத்து. ஒமெப்ரசோல் வகை வயிற்று மாத்திரைக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பதால் டாக்டர் எனக்கு அதற்கு மாற்றிக் கொடுத்தார். கர்ப்பமாக இருக்கும் தங்கைகள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். உங்களுக்கு இரும்பும் கால்சியமும் தேவை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. நேரத்தை மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள். சாதாரணமாகச் சாப்பாட்டில் வரும் பால், கீரை, மீன் இவற்றுக்கு எந்தப் பயமும் வேண்டாம்.

டப்பாவை நிறுத்தினேன், வயிற்று மருந்தை மாற்றினேன். மாத்திரை நேரத்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று தள்ளினேன். மறுபரிசோதனையில் வைரல் லோடு மீண்டும் கண்டறிய முடியாத அளவுக்கு வந்தது. மருந்தை மாற்ற வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. டப்பாவுக்கும் பாட்டிலுக்கும் போனது முப்பதாயிரத்துக்கு மேல். வட்டியும், போன கூலியும் சேர்த்தால் நாற்பதாயிரத்தைத் தாண்டும். குழுக் கடனை அடைத்து முடித்தது போன தைப்பொங்கலுக்குத்தான்.

சரி, அப்படியானால் என்னதான் சாப்பிடுவது? உலக சுகாதார நிறுவனம் சொல்வது கேட்க மிகச் சாதாரணமாக இருக்கும். தொந்தரவு எதுவும் இல்லாமல் இருக்கும் எச்.ஐ.வி. உள்ளவருக்கு மற்றவர்களை விடப் பத்து சதவீதம் கூடுதல் சக்தி போதும். காய்ச்சல், பேதி, காசநோய் என்று படுத்து எழும் காலத்தில் இருபதிலிருந்து முப்பது சதவீதம் வரை கூடுதலாக வேண்டும். புரதத்தை மட்டும் தனியாக அள்ளிப் போட வேண்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பத்து சதவீதம் என்றால் ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய இருநூறு கலோரி. ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் ஒரு சின்ன வாழைப்பழமும் அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். மாதம் மூவாயிரத்து ஐந்நூறு கொடுத்து நான் தேடிய கூடுதல் சத்து அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் நாமக்கல் முட்டைக்குப் பேர் போன ஊர், முட்டை எப்போதும் கிடைக்கும். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. தினம் ஒன்று அவித்துச் சாப்பிடுகிறேன். பச்சை முட்டையோ அரைவேக்காடோ வேண்டவே வேண்டாம், சிடி4 குறைந்திருக்கும்போது வயிற்றுத் தொற்று நம்மைப் படுக்க வைத்துவிடும். ரேஷன் துவரம்பருப்பு கிலோ முப்பது ரூபாய்தான், அதில் சாம்பாரைக் கெட்டியாக வைக்கிறேன். காலையில் கேழ்வரகுக் கூழ் அல்லது களி, வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை, மலிவாகக் கிடைக்கும் நாளில் மத்தி மீன். வேர்க்கடலையில் பூஞ்சை பிடித்தது, சுருங்கிக் கசப்பது இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சு ஈரலைத் தாக்கும். சத்து மாவு வேண்டும் என்றால் கேழ்வரகு, பொட்டுக்கடலை, பாசிப்பயறு, வேர்க்கடலையை வறுத்து மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். டப்பா விலையில் பாதி கூட ஆகாது, என்ன கலந்திருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும்.

பத்தியம் இருக்கச் சொல்கிறவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. கறி சூடு, மீன் ஆகாது, உப்புப் புளி தள்ளு என்று சொல்லிச் சொல்லி, ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருப்பவரைப் பட்டினி போடுகிறார்கள். எங்கள் மாத்திரைக்கு அப்படி ஒரு பத்தியமும் கிடையாது. மூலிகையால் முழுதாகக் குணப்படுத்துகிறேன் என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எய்ட்ஸைக் குணப்படுத்தும் என்று எந்த மருந்துக்கும் உரிமை கொண்டாட நம் மருந்துச் சட்ட விதிகளே அனுமதிப்பதில்லை.

வாயில் வெள்ளை படிந்து புண்ணாகி விழுங்க முடியாத காலம் எனக்கும் இருந்தது. காரம், புளிப்பு, சர்க்கரையைக் குறைத்து, ஆறவைத்த கஞ்சி, தயிர்சாதம், மசித்த பருப்புச்சோறு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட்டேன். ஆனால் சாப்பாட்டால் மட்டும் அது ஆறாது, பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து வேண்டும். மையத்தில் காட்டுங்கள். காரணம் தெரியாமல் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும், இருமலும் இரவு வியர்வையும் சேர்ந்தாலும் முதலில் காசநோய் பரிசோதனை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஆரம்பித்தால் டோலுடெக்ராவிரைப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு வேளையும் கொடுப்பார்கள், அதை விட்டுவிடக் கூடாது. காசநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு நிக்‌ஷய் போஷன் திட்டத்தில் சத்துணவுக்காக வங்கிக் கணக்கில் பணம் வரும். 2024 நவம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய். கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை.

இப்போது என் எடை 51 கிலோ. இனி ஏற விடாதே என்று டாக்டர் சொல்கிறார், ஏனென்றால் இந்த மருந்தில் சிலருக்கு எடையும் சர்க்கரையும் கூடும். வருடா வருடம் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பார்த்துக்கொள்கிறேன். சர்க்கரை இருப்பவர்கள் மெட்ஃபார்மின் எடுத்தால் சர்க்கரை டாக்டருக்கும் மையத்து டாக்டருக்கும் இரண்டு மருந்தும் தெரிய வேண்டும். டோலுடெக்ராவிர் உடம்பில் மெட்ஃபார்மின் அளவை ஏற்றிவிடும், பொதுவாக ஒரு நாளைக்கு ஆயிரம் மில்லி கிராமைத் தாண்ட விடமாட்டார்கள். ஜிம்முக்குப் போகும் தம்பிகள் கிரியேட்டின் பவுடர் எடுத்தால் அதையும் சொல்லிவிடுங்கள். இந்த மருந்தே சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யாமலேயே கிரியேட்டினினைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும், பவுடரும் சேர்ந்தால் ரிப்போர்ட்டைப் பார்த்து எல்லோரும் குழம்பிப்போவார்கள். மாத்திரையால் தூக்கம் கெடுகிறது என்றால் சகித்துக்கொண்டு இருக்க வேண்டாம், காலைக்கு மாற்றித் தருவார்கள்.

வெளி டாக்டரிடம் எச்.ஐ.வி. இருக்கிறது என்று சொல்லப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. நம் சம்மதம் இல்லாமல் நம் நிலையை வெளியே சொல்லக் கூடாது, அதைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்கவும் கூடாது. அப்படியும் சொல்ல மனம் வரவில்லை என்றால், அங்கே எழுதிக் கொடுத்த சீட்டைப் போட்டோ எடுத்து வைத்து, மருந்தை வாங்குவதற்கு முன் உங்கள் மையத்தில் காட்டிக் கேளுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் வயிற்று மருந்துக்கும் டானிக்குக்கும் இதேதான். மையத்துக்குப் போக முடியாத நாளில் எச்.ஐ.வி. உதவி எண்ணான 1097க்கு இலவசமாகப் போன் செய்யலாம், பெயர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. நான் இப்போதும் ஒவ்வொரு முறையும் மஞ்சப்பையோடுதான் போகிறேன். வராந்தாவில் புதிதாக யாராவது தனியாக உட்கார்ந்திருந்தால், ராத்திரி மாத்திரையோடு வேறு என்ன போடுகிறீர்கள் என்று நானே போய்க் கேட்டுவிடுகிறேன்.